நான்கு மணிக்கு மூச்சு விடும் பாறை

மணி நான்கு ஆனது. அழுத்தமானியின் முள்ளும் இறங்கியது.

"பாத்தீங்களா? மூச்சு விடுது!" என்று துள்ளினார் நாடி வாத்தியார். எண்ணெய்க் கிணறுகளுக்கு நாடி பார்த்தே தலை நரைத்தவர். ஓய்வு பெற இன்னும் ஐந்தே நாள்.

புதிய மேலாளரம்மா துள்ளவில்லை. "மூடி வெச்ச கிணத்துல அழுத்தம் ஏறணும் சார். தினம் நாலு மணிக்கு ஏன் இறங்குது? மீட்டர் கோளாறு."

வாத்தியாருக்குச் சுருக்கென்றது. முப்பத்திரண்டு வருடத்துக்கு முன், மீசை கறுப்பாக இருந்த நாளில், இதே தகரக் கொட்டகையில் அவர் கண்டுபிடித்த இறக்கம் அது. பாறைக்கு அந்தப் பக்கம் இன்னொரு எண்ணெய் அறை இருக்கிறது, நடுவிலுள்ள விரிசல் தினமும் ஒருமுறை திறந்து மூடுகிறது என்று எழுதி நாற்பது பக்க அறிக்கை கொடுத்தார். அன்று கைதட்டியவர்களில் பாதிப்பேர் இன்று இல்லை. அந்த அறை பொய்யென்றால் கிணற்றை சிமென்ட் ஊற்றி நிரந்தரமாக மூடிவிடுவார்கள்; அவர் பெயரையும் சேர்த்துத்தான்.

நாலு ஐந்துக்கு, வழக்கம்போல் கையைத் துணியில் துடைத்தபடி, காவலாளி டீ கொண்டுவந்தார். அவரும் வாத்தியாரும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

மறுநாள் மீட்டரை மாற்றினார்கள். முள் இறங்கியது. இரண்டு மீட்டர் வைத்தார்கள். இரண்டும் ஜோடியாக இறங்கின. பக்கத்துக் கிணறுகள் இழுக்கின்றனவோ என்று எல்லாவற்றையும் மூடினார்கள். தலைமை அலுவலகம் போனிலேயே குதித்தது. நான்கு மணிக்கு முள் சமர்த்தாக இறங்கியது.

"நிலா இழுக்குதோ? கடலை இழுக்கற மாதிரி?"

"நிலா தினம் நேரம் மாத்தும்மா. இந்தப் பாறை ஆபீஸ் நேரம் பாக்குது."

"பழைய பதிவுல ஒரு வருஷம் நாலு நாள் மட்டும் இறங்கவே இல்லையே?"

"பாறைக்கும் அலுப்பு இருக்காதா?"

கடைசி நாள் மேலாளரம்மா தோற்றுப்போனார். பாறைக்கு அந்தப் பக்கத்து எண்ணெய் அறையைத் தேடிப் புதுக் கிணறு தோண்டும் உத்தரவில் கையெழுத்துப் போட்டு, தலைமை அலுவலகத்துக்கும் அனுப்பிவிட்டார். "மன்னிச்சுக்குங்க சார். நீங்க சொன்னதுதான் சரி."

வாத்தியாருக்குக் கண் நிறைந்துவிட்டது. கொட்டகைச் சுவரை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

நாலு ஐந்துக்கு டீயோடு வந்த காவலாளிக்கும் குரல் தழுதழுத்தது.

"நீங்க போனாலும் கவலையே வேணாம் சார். முதல் வருஷம் என்கிட்ட சொன்னீங்களே, 'குழாய் அடைச்சுக்கும், தினம் நாலு மணிக்குப் பின்பக்கச் சின்ன வால்வை ஒரு சுத்து திறந்து மூடு'ன்னு? என் பொண்ணு கல்யாணத்துக்குப் போன அந்த நாலு நாளைத் தவிர, இன்னிக்கு வரைக்கும் ஒருநாள்கூட நான் தவறினதில்லை."