பாதி மாடியில் நின்றுபோன மாப்பிள்ளை

பெண் பார்க்கப் போகிறவன் எதையாவது தூக்கிக் காட்டியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இருந்தும் நான் தூக்கினேன். தொண்ணூறுகளின் நடுவில், மைசூரில், ஒரு முழு கேஸ் சிலிண்டரை.

அப்போது கோயமுத்தூரில் ஒரு மோட்டார் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கல்யாணப் பேச்சு ஆரம்பித்ததும் ஜிம்மில் சேர்ந்து மேல்கையை மட்டும் வளர்த்து வைத்திருந்தேன். (கண்ணாடியில் தெரிவது அதுதானே!) இடுப்பும் காலும் பழைய கணக்கர்தான். சட்டைக் கையை இன்னும் கொஞ்சம் பிடித்துத் தைக்கச் சொல்லி மாட்டிக்கொண்டு, அம்மாவோடு பஸ் ஏறினேன்.

பெண் ஜெசிந்தா, பள்ளிக்கூட ஆசிரியை. அப்பா இல்லை. அம்மா ஸ்டெல்லா ஆன்ட்டி, ஓய்வு பெற்ற நர்ஸ். அறுபது தாண்டியவர், என் தோளுயரம்கூட இல்லை. வீடு முதல் மாடியில். நாங்கள் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் கேஸ் தீர்ந்து, காப்பிக்கு வைத்த பால் பாதிச் சூட்டில் நின்றது. புது சிலிண்டர் மாடிப்படிக்குக் கீழே இருந்தது.

"ஒரு நிமிஷம், எடுத்திட்டு வந்துடறேன்" என்று ஆன்ட்டி புடவையைச் செருகினார்.

என் வீரம் துள்ளி எழுந்தது. "நீங்க உக்காருங்க ஆன்ட்டி. இந்த வயசுல..."

"அவனுக்கு அதெல்லாம் சும்மாங்க. ஜிம்முக்குப் போறானுங்க" என்றார் அம்மா.

கீழே போய், முழங்காலை மடக்காமல் குனிந்து, ஒரே மூச்சில் தோளில் ஏற்றினேன். மேலே ஆன்ட்டியும், அவருக்குப் பின்னால் ஜெசிந்தாவும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படி திரும்புகிற இடத்தில் என் கால்கள் நடுங்குவதைப் பார்த்து ஆன்ட்டி, "பேடா! பேடா!" என்று கத்தினார்.

மைசூர்க்காரர்களுக்கு அவசரத்தில் கன்னடம்தான் வாயில் வரும். 'வேண்டாம்' என்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்? இனிப்பு என்று நினைத்து, "அப்புறமா சாப்பிடறேன் ஆன்ட்டி" என்றேன்.

ஜெசிந்தா சிரித்தாள். அதே நொடி என் இடுப்பில் 'மளுக்'.

"ஐயோ அம்மா!"

ஆன்ட்டி இறங்கி வந்தார். என் தோளிலிருந்து சிலிண்டரை வாங்கி, முழங்காலை மடக்கி, சத்தமில்லாமல் கீழே வைத்தார். நான் தரையில் சில்லறையைத் தேடுகிறவன் மாதிரி குனிந்தபடியே நின்றேன். என் கையைத் தன் கழுத்தில் போட்டு, பின்னால் பெல்ட்டைப் பிடித்து, "மெதுவா மூச்சு விடுங்க" என்று தூக்கினார். மிச்சப் படிகளில் என் கால் பட்டதா என்பது இன்றுவரை நிச்சயமில்லை. என்னைக் கட்டிலில் போட்டுவிட்டுத் திரும்பிப் போய் சிலிண்டரையும் கொண்டுவந்தார்.

காப்பியோடு ஜெசிந்தா வந்தாள். நான் அவளிடம் கேட்ட முதல் கேள்வி: "உங்கம்மாவுக்கு என்ன சாப்பிடக் குடுக்கறீங்க?"

அவள் சிரிக்கவில்லை. "போன வருஷம் அம்மாவுக்குக் கால் முறிஞ்சுது. மாவுக்கட்டைப் பிரிச்சப்ப தொடை என் கை அளவுக்குச் சூம்பியிருந்துச்சு. நாற்காலியை விட்டு எழவே முடியலே. வயசாயிடுச்சு, இனி ரெஸ்ட் எடுங்கன்னு எல்லாரும் சொன்னாங்க."

"அப்புறம்?"

"படுத்தா இருக்கிற சதையும் போயிடும்னு அம்மா சொன்னாங்க. தினமும் மேஜையைப் பிடிச்சு எழுந்திருப்பாங்க, உக்காருவாங்க. நான் கை குடுத்தா தட்டி விடுவாங்க. அழுதுட்டேதான் எழுந்திருப்பாங்க. அப்புறம் மேஜையைப் பிடிக்காம. அப்புறம் அரிசிப் பையைத் தூக்கிட்டு."

"சாப்பாடு?"

"முன்னெல்லாம் ராத்திரிக்குக் காப்பியும் பன்னும்தான். வெறும் பன்னைத் தின்னா சதை எங்கிருந்து வளரும்னு, இப்ப வேளாவேளைக்கு முட்டை, பருப்பு, மீன், கெட்டி மொசரு..." (தயிர்தான்.)

கதவு வழியாகச் சமையலறை தெரிந்தது. சிலிண்டரை மாட்டிவிட்டு, குத்துக்காலிட்டிருந்த ஆன்ட்டி தரையில் கை ஊன்றாமல் எழுந்தார். மேடைக் கச்சேரியைப் பார்க்கிறவன் மாதிரி அதையே பார்த்தேன். பெண்ணைப் பார்க்க வந்தது சுத்தமாக மறந்துவிட்டது.

சம்பந்தம் போச்சு என்று அம்மா முடிவே கட்டிவிட்டார். "பையன் இப்படிப் பண்ணிட்டானுங்களே..." என்று தடுமாறினார்.

"வலியில கத்தினாரே தவிர, சிலிண்டரை விடலேம்மா" என்றார் ஆன்ட்டி. "என் பொண்ணையும் விட மாட்டார்."

(விரல் மரத்துப் போயிருந்தது. விட நினைத்தாலும் விட்டிருக்க முடியாது. அதை நான் சொல்லவில்லை.)

ஜெசிந்தா ஒன்றுதான் கேட்டாள். "கல்யாணத்தன்னைக்கு நிமிர்ந்து நிப்பீங்கல்ல?"

நின்றேன், இடுப்புப் பட்டையோடு.

அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் எடையைக் கிலோவில் யாரும் சொல்வதில்லை, அன்று ஆன்ட்டி தூக்கிய என் எடைதான் அளவு: ஒரு மாப்பிள்ளை. அரிசி மூட்டை 'அரை மாப்பிள்ளை'. பீரோ என்றால் 'ரெண்டு மாப்பிள்ளை, ஆள் கூப்பிடு'. எண்பது தாண்டிய பிறகு ஒருமுறை அத்தை (பழைய ஆன்ட்டிதான்) கோவைக்கு வந்தார். ஸ்டேஷனில் அவர் பெட்டியை வாங்கக் கை நீட்டினேன். தட்டிவிட்டு, விறுவிறுவென்று முன்னால் நடந்தார்.

"விடுங்க, இது கால் மாப்பிள்ளைகூட இல்லே."