திருவாதிரைக்குக் காட்டிய கற்பூரம்

வானத்தைப் படமெடுத்து இணையத்தில் சேர்த்துவைத்திருப்பவர்கள் மீது எனக்கு ஒரு கோபம் உண்டு. அது இன்னும் ஆறவில்லை. ஆறவிடுவதாகவும் இல்லை. குப்பையைப் படமெடுப்பது அவர்கள் இஷ்டம். அதைக் கொண்டுபோய் நட்சத்திரங்களுக்குப் பக்கத்திலேயே வைத்து, ஓர் அப்பாவி மருமகன் கையில் சிக்கும்படி விட்டார்களே, அது எந்த ஊர் நியாயம்? இதைக் கேட்டால் என் மனைவி வித்யா, "படிக்காம ஓகே அமுக்கினது யாரு?" என்கிறாள். நியாயம் கேட்பவனுக்கு வீட்டில் கிடைக்கும் மரியாதை அவ்வளவுதான்.

என் பெயர் ஜெரால்டு. காக்ஸ் டவுனில் பிறந்து வளர்ந்த கிறிஸ்தவன். வித்யா மல்லேஸ்வரத்து இந்துப் பெண். அவளுடைய தாத்தா காலத்திலேயே அரசு வேலைக்கு இந்தக் கன்னட ஊருக்கு வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். அவள் அப்பாவும் மாநில அரசில் அதிகாரியாக இருந்தவர். நாங்கள் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டோம். மாமனார் சண்டை போடவில்லை, கதவைச் சாத்தவில்லை. என்னோடு பேசவில்லை, அவ்வளவுதான்.

பேசவில்லை என்றால் உபசாரத்தில் குறை இருக்காது. நான் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். "வித்யா, அவருக்கு இன்னும் ஸ்வல்ப ரசம் வேணுமான்னு கேளு" என்பார். அவள் என் பக்கம் திரும்பிக் கேட்பாள். நான் அவளிடம், "போதும்னு சொல்லு" என்பேன். அவள் அந்தப் பக்கம் திரும்பிச் சொல்வாள். ஒரு கரண்டி ரசத்துக்கு இத்தனை பேர் உழைக்கும் வீட்டை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். வெளியாட்களிடம் என்னை அறிமுகப்படுத்தும்போது "வித்யா வீட்டுக்காரர்" என்பார். மாப்பிள்ளை என்ற சொல் மட்டும் அவர் வாயில் வராது. நான் இதையெல்லாம் நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பேன். ஆனால் உள்ளுக்குள் வலிக்கத்தான் செய்தது.

இந்த நிலையில் அவருடைய அறுபதாம் கல்யாணம் வந்தது. என்ன பரிசு கொடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது வித்யா சொன்னாள்: "பிறந்த தேதியில பண்ண மாட்டாங்க ஜெரி. ஜென்ம நட்சத்திரம் வர்ற நாள்லதான். அப்பாவுக்குத் திருவாதிரை." எங்கள் வீட்டில் நட்சத்திரம் என்றால் டிசம்பரில் வாசலில் கட்டித் தொங்கவிடுவது. (உள்ளே பல்பு எரியும். ஜனவரியில் மடித்துப் பரணில் போட்டுவிடுவோம்.) அதனால் திருவாதிரை என்பது வானத்தில் உண்மையிலேயே இருக்கும் நட்சத்திரம், வெள்ளைக்காரன் அதற்கு பீட்டல்ஜூஸ் என்று பெயர் வைத்திருக்கிறான் என்று தெரிந்ததும் எனக்குப் புல்லரித்துவிட்டது. பெரிய பெரிய தொலைநோக்கிகளில் எடுத்த படங்களையெல்லாம் யார் வேண்டுமானாலும் தேடி எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் வைத்திருக்கிறார்கள் என்பதும் தெரிந்தது. மற்றவர்கள் வேட்டியும் வெள்ளித் தட்டும் கொடுக்கட்டும். நான் மனிதருக்கு அவருடைய நட்சத்திரத்தையே கொடுப்பேன். அதற்கப்புறம் எப்படிப் பேசாமல் இருப்பார், பார்த்துவிடலாம்.

வைட்ஃபீல்ட் ஆபீஸில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்த இணையதளத்தைத் திறந்தேன். பெயர் கேட்ட கட்டத்தில் நட்சத்திரத்தின் பெயரைக் கொடுத்தேன். வரிசை வரிசையாக வந்து விழுந்தது. முதலில் இறக்கிய கோப்பு என் கம்ப்யூட்டரில் திறக்கவே மறுத்தது. அதற்கென்று ஒரு மென்பொருள் வேண்டுமாம். அதையும் இறக்கித் திறந்தால் கன்னங்கரேல் என்று இருந்தது. வெளிச்சத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்ததில் கறுப்புக்கு நடுவே ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. நட்சத்திரத்தின் ஒளியை வண்ணம் வண்ணமாகப் பிரித்து ஆராய்வதற்கு எடுத்ததாம். அடுத்ததில் கோடு இல்லை, சுண்ணாம்பைக் கொட்டியது மாதிரி ஒரு வெள்ளைப் பொட்டல். நட்சத்திரம் ரொம்பப் பிரகாசம், கருவி தாங்கவில்லை என்று விளக்கம் வேறு. இதையா ஒரு மனிதருக்கு அறுபதாம் கல்யாணத்தில் கொடுப்பது?

இங்கேதான் என் தொழில் புத்தி வேலை செய்தது. நான் மென்பொருள் சோதிப்பவன். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அதில் தானாக டிக் ஆகியிருப்பதையெல்லாம் முதலில் எடுத்துவிட வேண்டும், அதற்குப் பின்னால்தான் உண்மையைப் பதுக்கி வைத்திருப்பார்கள் என்று புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பாடம் நடத்துபவன். தேடல் பக்கத்தின் ஓரத்தில் 'ஆய்வுக்கான படங்கள் மட்டும்' என்று ஒரு கட்டம் டிக் ஆகியிருந்தது. எடுத்துவிட்டேன். உடனே ஏதோ எச்சரிக்கை எட்டிப் பார்த்தது. ஓகே கொடுத்தேன். (நீங்கள் படிப்பீர்களா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.) திருவாதிரையைப் பார்த்த அன்று மாலை அதே தொலைநோக்கியில் எடுத்த மற்ற படங்களும் சேர்ந்து வந்தன.

அதில் ஒன்று கிடைத்தது பாருங்கள். மங்கலான ஒளிப்பரப்பு. நடுவில் பெரிய வளையம், அதையொட்டி இன்னொன்று, சுற்றிச் சின்னச் சின்ன வளையங்கள். இவ்வளவு அழகை டிக் போட்டு மறைத்துவைத்திருக்கிறார்களே, பாவிகள் என்று நினைத்தேன். சாம்பல் நிறத்தை மாற்றி மஞ்சளும் குங்குமச் சிவப்புமாக வண்ணம் ஏற்றினேன். சிவாஜிநகரில் ஒரு கடையில் பெரிதாக அச்சடித்து, கண்ணாடி போட்டு, கீழே 'ஜென்ம நட்சத்திரம் திருவாதிரை' என்று பித்தளைத் தகடு பதித்து, ஆட்டோவில் குழந்தையைப் போல் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.

விழா மல்லேஸ்வரத்தில் ஒரு சத்திரத்தில் நடந்தது. படத்தைப் பிரித்ததும் கூட்டம் கூடிவிட்டது. எனக்கு யாரும் மைக் கொடுக்கவில்லை, நானாகவே விளக்கினேன். நடுவில் இருக்கும் பெரிய வளையம் மாமனார், ஒட்டியிருப்பது மாமியார், சுற்றி இருப்பது பிள்ளைகளும் சொந்தங்களும் என்றேன். ஓரத்தில் தள்ளி ஒன்று தனியாக இருந்தது. அது யாரென்று சொல்லவில்லை, மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். புரோகிதர் நெகிழ்ந்துபோய், "ஜென்ம நட்சத்திரமே நேர்ல வந்திருக்கு" என்று படத்தைக் கலசத்துக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். கண்ணாடிக்குக் குங்குமம் வைத்தார், கற்பூரம் காட்டினார். மாமியார் கைகூப்பினார். மாமனார் மாலையும் கழுத்துமாக எழுந்துவந்து படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு என்னை நேராகப் பார்த்தார். ஏதோ சொல்ல வருவதுபோல் தொண்டையைச் செருமினார். எனக்கு உடம்பெல்லாம் காதாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தாள் ரம்யா. வித்யாவின் சித்தி பெண், வானவியலில் ஆராய்ச்சி செய்பவள். அக்கா புருஷன் என்பதால் என்னைக் கன்னடத்து வழக்கப்படி பாவா என்று கூப்பிடுவாள். இந்த ஊரில் எல்லோரையும் பாதி வழியில் பிடித்து நிறுத்தும் டிராஃபிக், அன்றைக்கு அவளை மட்டும் ஏன் விட்டதோ தெரியவில்லை.

"இது எங்க எடுத்தீங்க பாவா?" என்று கேட்டாள்.

"திருவாதிரைம்மா. நானே தேடி எடுத்தேன்."

அவள் படத்தைப் பார்த்தாள், கற்பூரத்தைப் பார்த்தாள். "சரி, அப்புறம் பேசலாம் பாவா" என்று நகரப் பார்த்தாள். நல்ல பெண். ஆனால் மாமனார் சர்வீஸ் முழுக்க கீழே இருப்பவர்களிடம் விளக்கம் கேட்டுப் பழகியவர்.

"அப்புறம் என்ன, இப்பவே சொல்லு" என்றார்.

"அது வந்து பெரியப்பா... இதுல நட்சத்திரம் இல்ல. இருட்டறதுக்கு முன்னாடி வானத்துல இருக்கற வெறும் வெளிச்சத்த மட்டும் பார்த்து ஒரு படம் எடுப்பாங்க. கருவியில எங்கெங்க தூசி ஒக்காந்திருக்குன்னு அதுல தெரியும். அப்புறம் நிஜப் படத்துலேர்ந்து அந்தத் தூசிய கழிச்சிடுவாங்க. இந்த வளையமெல்லாம் தூசி. இதுல நட்சத்திரம் வந்துடக் கூடாதுன்னு பார்த்துப் பார்த்துதான் எடுப்பாங்க."

கவனித்தீர்களா? வானம் முழுக்க நட்சத்திரம் கொட்டிக்கிடக்கிறது. அதில் ஒன்றுகூட வந்துவிடக் கூடாது என்று பாடுபட்டு எடுத்த படத்தைத் தேடிப்பிடித்து நான் சட்டம் போட்டிருக்கிறேன்.

புரோகிதர் தட்டைப் பார்த்தார். கற்பூரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. வித்யா தரையைப் பார்த்தாள். மாமனார் என் எதிரில் வந்து நின்றார்.

"ஏன் மாப்பிள்ளை, தூசியவா என்னைக் கண்ணுல ஒத்திக்க வெச்சீங்க?" என்றார்.

இத்தனை நாள் காத்திருந்த சொல் வந்த லட்சணம் இது. அதை ரசிக்க எனக்கு எங்கே நேரம்? ஆத்திரம் முந்திக்கொண்டது. "நீங்களே சொல்லுங்க மாமா. குப்பைய யாராவது ஃபைல் போட்டு பத்திரமா வெப்பாங்களா?" என்று நேராக அவரிடமே கேட்டுவிட்டேன்.

"நாங்க வெச்சிருக்கோமே. சர்வீஸ் பூரா அதத்தான் வெச்சிருந்தோம்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாலை குலுங்கக் குலுங்கச் சிரித்தார். சத்திரமே சேர்ந்துகொண்டது. புரோகிதரும் சிரித்தார். கற்பூரம் காட்டியவரே சிரித்தால் நான் எங்கே போய் முறையிடுவது?

படம் இப்போது மாமனார் வீட்டு ஹாலில் தொங்குகிறது. கழற்றச் சொல்லி எவ்வளவோ போராடினேன். வருகிறவர்களிடமெல்லாம், "எங்க மாப்பிள்ளை தேடிக் கண்டுபிடிச்ச தூசி" என்று காட்டுகிறார். அந்தக் குடும்பத்தில் தூசிக்கே இப்போது திருவாதிரை என்றுதான் பெயர். கட்டிலுக்கு அடியில் திருவாதிரை, டிவி மேல் திருவாதிரை. ஆயுத பூஜை நெருங்கினால் எனக்கே போன் போட்டு, "ஃபேன் மேல திருவாதிரை நிறைய உதிச்சிருக்கு, ஞாயித்துக்கிழமை வந்துடுங்க" என்கிறார். போகிறேன், கோபத்தோடுதான் போகிறேன். அவர் ஏணியைப் பிடித்துக்கொள்ள நான் ஏறித் துடைக்கிறேன். போன தடவை ஒரு கற்றை அப்படியே என் முகத்தில் விழுந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றேன். கீழேயிருந்து குரல் வந்தது:

"நல்லா ஒத்திக்கோங்க மாப்பிள்ளை."