நூறு கார்டு, ஒரே வசனம்

வாணியம்பாடியில் சுகமாக இருக்கிற, சுகமில்லாவிட்டாலும் சுகம் என்றே பதில் எழுதுகிற, ஞாயிறு பள்ளி ஆசிரியர் சாமுவேல் மாமாவுக்கு, ஆம்பூரிலிருந்து உங்கள் அக்கா மகன் யாபேஸ் ஸ்தோத்திரத்துடன் எழுதுவது. இங்கு மிக்ஸி நீங்கலாக எல்லாரும் நலம்.

மனிதகுலம் எழுந்து நின்று கேட்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஜனவரி முதல் தேதி காலை ஆராதனையில், நம் சபையில் கார்டுத் தட்டைப் பிடித்தது நான்தான்.

சிரிக்காதீர்கள். போன மே மாத விடுமுறை வகுப்பில், "மனுஷனுக்கு ஆண்டவர் சுயசித்தம் குடுத்திருக்கார், நீ ஒண்ணும் கயித்துல ஆடற பொம்மை இல்லடா" என்று சொல்லி என் மண்டையில் ஒரு குட்டு வைத்தீர்கள். குட்டியது உங்கள் சித்தம், வீங்கியது என் சொத்து. அன்றிலிருந்தே எனக்குச் சந்தேகம். இப்போது தீர்ந்தது. சுயசித்தம் என்று ஒன்று கிடையவே கிடையாது மாமா, நிரூபித்துவிட்டேன்.

கெசியா அக்காவுக்கு நொய்டாவில் ஷூ டிசைன் வேலை கிடைத்து, அவள் உடனே பதில் சொல்ல வேண்டியிருக்க, அப்பாவோ, "ஆம்பூர்ல இல்லாத ஷூவாடி நொய்டாவுல இருக்கு?" என்று குதித்து, கடைசியில், "புது வருஷ வசனம் வரட்டும், ஆண்டவர் சொன்னா அனுப்பறேன்" என்று முடித்துவிட, அக்கா தட்டில் சோற்றைப் பிசைந்து பிசைந்து களியாக்கிக்கொண்டிருக்க, சபைத் தட்டிலிருந்து ஆளுக்கொரு வாக்குத்தத்த வசன கார்டைக் கண்ணை மூடி எடுத்து வருஷம் முழுக்க அதையே பிடித்துக்கொள்வதுதான் நம் வழக்கமாச்சே, ஆண்டவருக்கும் வருஷக் கடைசியில் வேலை ஜாஸ்தி, நாம் கொஞ்சம் கை கொடுப்போம் என்று நினைத்து, வாலிபர் சங்கத்தில் கார்டு அச்சடிக்கும் பொறுப்பு என்னிடம் இருந்ததால், பயப்படாமல் இருக்கிற இடத்தை விட்டுக் கிளம்பு என்கிற அர்த்தத்தில் வருமே, அந்த வசனத்தையே நூறு கார்டிலும் போடச் சொல்லிவிட்டேன். அச்சுக்கடை ஷோயப் பயந்துபோய்விட்டான்.

"இன்னாடா, எல்லாத்துலயும் ஒரே மேட்டர்? மிஷின் மாட்டிக்கிச்சா?"

"மிஷின் இல்ல தோஸ்த், மனுஷங்கதான் மாட்டப் போறாங்க."

தட்டு என் கையில், தட்டிக் கேட்க ஆளில்லை. கண்ணை மூடுகிறார்கள், முணுமுணுக்கிறார்கள், கையை விட்டுத் துழாவுகிறார்கள். பட்டம்மாள் அத்தை ஒன்றை எடுத்து, திருப்பிப் போட்டு, "மொதல்ல வந்தது மனசுக்கு ஒப்பலடா" என்று அடியிலிருந்து இன்னொன்றை உருவினார்!

வெளியே டீ குடிக்கும்போது கார்டை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். செருப்பை மாட்டிக்கொண்டு ஓடத் தயாரானேன். ஆனால் பாஸ்டர் இரு கையையும் தூக்கி, "சபைக்கே ஒரே வார்த்தை! நாம கிராமங்களுக்குப் புறப்படணும்" என்றார். அவருக்குத்தான் மாற்றலாகப் போகிறது என்று நினைத்த கடைசி வரிசைக்காரர்கள் அதுவரை இல்லாத பலத்தோடு "ஆமென்" போட்டார்கள். பட்டம்மாள் அத்தை, "மாடியில குடியிருக்கறவங்கள கிளப்பணும்னு நான் அப்பவே சொன்னேன்ல" என்று அன்று மாலையே அவர்களைக் காலி பண்ணச் சொன்னார். கீபோர்டு ராஜேஷ் அண்ணன் மறுநாளே ஷூ கம்பெனி வேலையை விட்டார், டிபன் கடை வைக்கப் போகிறாராம்.

அப்பா? கார்டை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, டீக்கும் வராமல் தெருமுனையில் ஸ்கூட்டர் பக்கத்திலேயே நின்றவர், வீட்டு வாசலில் அதை நிறுத்தும்போது சொன்னார்: "கெசியா, பெரிய சூட்கேஸா ஒண்ணு வாங்கணும்டி."

நூறு கயிறு மாமா, இழுத்தவன் உங்கள் மருமகன்! வருகிற மே வகுப்பில் அந்தப் பாடத்தைத் தயவுசெய்து நீக்கிவிடவும்.

அத்தைக்கு என் ஸ்தோத்திரம். இந்த வருஷம் எல்லாம் உங்கள் சித்தம்போல் நடக்கட்டும், அப்படி ஒன்று இருந்தால்.

இப்படிக்கு,
தட்டேந்திய யாபேஸ்

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது அப்பா வந்து, "அந்தக் கார்ட கொஞ்சம் படிச்சுக் காட்டுடா, அன்னிக்குக் கண்ணாடிய எடுத்துனு போகல" என்றார்.

"அப்ப படிக்காமயா அக்காவ அனுப்பறீங்க?"

"பாட்டு பாடறப்போ எல்லாரும் பாடறாங்க, அவ மட்டும் ஊருக்குக் கெளம்பறவளாட்டம் உங்கம்மா மொகத்தையே பாத்துனு நிக்கறா. நான் போகாதன்னா போமாட்டா, தெரியும். அதுக்கு மேல வசனம் இன்னாத்துக்குடா?"

படித்துக் காட்டினேன். "பரவால்லியே, நான் நெனச்சதையே ஆண்டவரும் சொல்லியிருக்கார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆக, நான் எதையும் இழுக்கவில்லை மாமா. அவரவர் நினைத்ததை அவரவர் செய்துகொண்டார்கள், நான் அச்சுக் கூலிதான் கொடுத்தேன். பாஸ்டரிடமும் பட்டம்மாள் அத்தையிடமும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை வந்து பக்கத்தில் நின்றீர்களென்றால் அடி கம்மியாக விழும். ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கு ரயில். ஸ்டேஷனில் அழுவதில்லை என்று நானாகவே, முழுச் சுயசித்தத்தோடு முடிவெடுத்திருக்கிறேன். மேலே நாலைந்து வார்த்தை கலைந்திருந்தால், டீ சிந்திவிட்டது என்று வைத்துக்கொள்ளவும்.