பின்வாசல் பற்றி நான்கு மறுப்புகள்

ரகசியம் காப்பதில் உலக நாடுகளை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். காரியத்தை முடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்கும் நாடுகள் ஒரு வகை. எவ்வளவு ரகசியமாக முடித்தோம் என்பதை விளக்கப்படத்துடன் ஊருக்கு அறிவிக்கும் நாடு இரண்டாம் வகை. இந்த இரண்டாம் வகையில் நாங்கள் தன்னந்தனியாகத் தலைநிமிர்ந்து நிற்கிறோம். போட்டிக்கு ஆளே இல்லை.

அந்தப் பெருமையில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. நான் பாதுகாப்பு அமைச்சகத்தில் மறுப்புப் பிரிவு அதிகாரி. பத்திரிகையில் எங்களைப் பற்றித் தவறான செய்தி வந்தால், "அது தவறு, சரியான தகவல் இதுதான்" என்று அறிக்கை விடுவது என் பணி. மூன்றாவது மாடியில், கழிப்பறைக்கு அடுத்த அறை. ஒரு மேசை, ஒரு சிவப்புப் பென்சில். இருபத்திரண்டு வருட சர்வீஸில் ஒரு பிழையையும் நான் மறுக்காமல் விட்டதில்லை. என் கல்யாணப் பத்திரிகையிலேயே இரண்டு திருத்தம் போட்டு அச்சகத்துக்குத் திருப்பி அனுப்பியவன் நான். மாமனார் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

போன வருடம் எங்கள் படை எல்லை தாண்டிப் போய், பக்கத்து நாட்டின் ஏவுகணைக் கிடங்கு ஒன்றை எரித்துச் சாம்பலாக்கிவிட்டு, ஒரு கீறல்கூட இல்லாமல் திரும்பி வந்தது. எப்படி எரிந்தது என்று அவர்களுக்கே புரியவில்லை. மின்கசிவு என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

எங்கள் அமைச்சருக்கு இது பெருத்த அவமானமாகப் போய்விட்டது.

"மின்கசிவாம்யா! நாம உசுரைக் கொடுத்துப் பண்ணுன வேலைக்கு மின்கசிவு பேர் வாங்கிட்டுப் போகுது!" என்று ஆலோசனைக் கூட்டத்தில் மேசையைத் தட்டினார்.

தாக்குதலைத் திட்டமிட்ட கர்னல் எழுந்து நின்றார். "ஐயா, ஒரு மாசம் பொறுங்க. நம்ம ஆள் ஒருத்தன் இன்னும் அங்கதான் இருக்கான். உடனே கிளம்பினா சந்தேகம் வரும். வழக்கம்போல வேலைக்குப் போயிட்டு, முப்பதாம் நாள் லீவு போட்டு பஸ் ஏறச் சொல்லியிருக்கேன். அதுவரைக்கும் மின்கசிவாவே இருக்கட்டும்."

"ஆளைப் பத்தி யாரு சொல்லப் போறா? வெற்றியைத்தானே சொல்றோம். ரகசியம்னு ஒண்ணு இருக்குன்னே ஜனங்களுக்குத் தெரியலைன்னா, அதை நாம கட்டிக் காக்குறோம்னு அவங்களுக்கு எப்படிய்யா தெரியும்?"

இந்த வாசகத்தை அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். கர்னல் உட்கார்ந்துவிட்டார். பாவம், அவர் போர்தான் பார்த்தவர், தேர்தல் பார்த்தவரல்லர்.

மூன்றாம் நாள் செய்தியாளர் கூட்டம். வாசலில் பெரிய பதாகை: "மிக ரகசிய நடவடிக்கை விளக்கக் கூட்டம். அனைவரும் வருக." மேடையில் ஒட்டுப்பலகையில் செய்த கிடங்கின் மாதிரி, பொத்தானை அழுத்தினால் உள்ளே சிவப்பு விளக்கு எரியும். அமைச்சர் ஏழு தடவை அழுத்தினார்.

வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தால் கேட்கவா வேண்டும்! மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அதே செய்தி, பிழை மேல் பிழையாக. என் சிவப்புப் பென்சிலுக்கு வேலை வந்தது.

"பன்னிரண்டு வீரர்கள்" என்று ஒரு பத்திரிகை எழுதியது. மறுத்தேன்: பதினான்கு பேர். "சுவர் ஏறிக் குதித்தனர்" என்றது இன்னொன்று. நம் வீரர்கள் என்ன திருடர்களா? மறுத்தேன்: முறையாகப் பின்வாசல் வழியாகவே சென்றனர். "பின்வாசலை உடைத்து நுழைந்தனர்" என்றது தொலைக்காட்சி. அதையும் மறுத்தேன்: கதவுக்குச் சேதமில்லை; சாவி போட்டே திறக்கப்பட்டது.

மூன்றாவது மறுப்பு வெளிவந்த அன்று கர்னல் என் அறைக்கு வந்தார். உட்காரவில்லை.

"சார், தவளை தன் வாயால கெடும்னு கேட்டிருக்கேன். இங்க கத்துற தவளை பத்திரமா இருக்கு. பாம்பு போய் வேற ஒருத்தனைக் கடிக்கப் போகுது. சாவின்னு சொல்லிட்டீங்க. சாவி யாருகிட்ட இருந்துச்சுன்னு தேட மாட்டாங்களா?"

"தப்பான செய்தி சார். எப்படி விட முடியும்?"

அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

ஒன்பதாம் நாள் ஒரு பத்திரிகை, "சாவி கொடுத்தது கிடங்கின் சமையல்காரர்" என்று பெரிய எழுத்தில் போட்டது. கர்னல் அதைக் கையில் பிடித்துக்கொண்டு படியேறி ஓடி வந்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"அந்தச் சமையல்காரன் வேலையை விட்டுட்டுக் கப்பலேறி ஒரு மாசமாச்சு சார். தேடட்டும், உலகம் பூரா தேடட்டும். இதை மட்டும் மறுத்துடாதீங்க. இந்தத் தப்புதான் இப்ப நம்ம ஆளோட உசுரு. உங்க காலைத் தொட்டுக் கேக்குறேன்."

சரி என்றேன். இரண்டு மணி நேரம் பொறுத்தும் இருந்தேன். என் சர்வீஸில் அது சாதனை. பிறகு அமைச்சரிடமிருந்து தொலைபேசி.

"ஒரு சமையல்காரனை நம்பியா நாம படை அனுப்புனோம்? எதிர்க்கட்சிக்காரன் சிரிக்கிறான்யா. உடனே மறு!"

பொய் சொல்வானேன், அவர் சொல்லாவிட்டாலும் நானே மறுத்திருப்பேன். என் கை அரித்துக்கொண்டிருந்தது. நான்காவது மறுப்பு பின்வருமாறு: "கிடங்கின் சமையல்காரருக்கு இதில் எந்தத் தொடர்பும் இல்லை. சாவி அளித்தவர், குளிர்சாதனக் கருவிகளைப் பராமரிக்கும் தேர்ந்த தொழில்நுட்பப் பணியாளர். பாதுகாப்பு கருதி அவர் பெயர் வெளியிடப்படவில்லை."

கடைசி வாக்கியத்தை நானாகச் சேர்த்தேன். நமக்கும் பொறுப்பு இருக்கிறதல்லவா?

கர்னல் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார்.

"அந்தக் கிடங்குல எத்தனை ஏ.சி. மெக்கானிக் இருக்காங்கன்னு தெரியுமாய்யா உனக்கு?"

"எனக்கு எப்படித் தெரியும் சார்? அதெல்லாம் ரகசியமாச்சே."

"ஒருத்தன்" என்றார். என் முன்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, தலையைக் கையில் பிடித்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து ஒரு பெண் என்னைப் பார்க்க வந்தாள். பார்வையாளர் படிவத்தில், "சந்திக்கும் நோக்கம்" என்ற இடத்தில் "என் வீட்டுக்காரர்" என்று மட்டும் எழுதியிருந்தாள். கையில் என் நான்காவது மறுப்பு, நான்காக மடித்து.

"சார், அவரு தெனமும் பொண்ணுகிட்ட போன்ல பேசுவாரு. ரெண்டு நாளா பேசல. இருக்காரா சார்?"

மேலே கேட்டேன். சொல்லக் கூடாது என்று உத்தரவு வந்தது.

"அப்படி ஒருத்தர் எங்ககிட்ட வேலை செஞ்சதாவே பதிவு இல்லம்மா."

"பேப்பர்ல போட்டிருக்கீங்களே?"

"அது பொதுமக்களுக்குச் சொன்னது."

"அப்ப நான் யாரு சார்?"

"நீங்க குடும்பத்தார். குடும்பத்தாருக்கு எதுவும் தெரியக் கூடாதுங்கிறது விதி."

அவள் அழவில்லை, சண்டையும் போடவில்லை. காகிதத்தை மறுபடி நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனாள். எனக்குப் பயமாக இருந்தது, அவமானமாகவும் இருந்தது.

பத்தொன்பதாம் நாள் பக்கத்து நாட்டிலும் ஒரு செய்தியாளர் கூட்டம். காலையில் தூக்கிலிட்டுவிட்டதாக அறிவித்தார்கள். பாதுகாப்பு கருதி நாங்கள் அவ்வளவு கண்ணியமாக மறைத்த பெயரை, அவர்கள் கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல், அப்பா பெயரோடு சேர்த்துப் படித்தார்கள். அன்றைக்கே கர்னல் ராஜினாமா செய்தார்.

அடுத்த வாரம் ஒரு பத்திரிகையில் அந்தப் பெண்ணின் கடிதம் வந்தது. "என் வீட்டுக்காரரைக் கொன்றது அந்த நாடு இல்லை. நம்முடைய பாதுகாப்பு அமைச்சகம்."

அமைச்சர் கொதித்துப்போய் என்னைக் கூப்பிட்டார். "காட்டமா ஒரு மறுப்பு எழுதுய்யா. இதைவிடப் பெரிய அபாண்டம் உண்டா?"

சிவப்புப் பென்சிலோடு கடிதத்தை மூன்று தடவை படித்தேன். தேதிகள் சரி. என் அறிக்கையின் வாசகம் எழுத்துக்கு எழுத்து சரி. ஒரே ஒரு பிழைதான் கிடைத்தது. என் பழக்கத்தை நான் எப்படி விடுவேன்? எழுதினேன்.

"மேற்படி கடிதத்தில் உள்ள குற்றச்சாட்டு தவறானது. அமைச்சகத்தில் நான்காயிரம் பேர் பணிபுரிகின்றனர். அவர்களில் மற்றவர் எவருக்கும் இந்தக் கொலையில் தொடர்பில்லை. செய்தவர்கள் இருவர் மட்டுமே: மறுக்கச் சொன்ன அமைச்சர், மறுப்பு எழுதிய நான்."

அமைச்சர் படித்தார். எழுந்து போய்த் தம் கையாலேயே கதவைச் சாத்தினார். குரல் தாழ்ந்துவிட்டது.

"என்னய்யா இது? இதையெல்லாம் வெளிய சொல்லலாமா? நாட்டோட பாதுகாப்பு என்னய்யா ஆகுறது?"

அந்தத் தாளில் "மிக ரகசியம்" என்று முத்திரை குத்தினார். ஐம்பது ஆண்டுகளுக்கு யாரும் திறக்கக் கூடாது என்று கைப்பட எழுதி, உறையில் போட்டு அரக்கு வைத்து, இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார். சாவி அவர் இடுப்பில்தான் இருக்கிறது. மாதிரி இல்லை, பொத்தான் இல்லை, பதாகை இல்லை. ஒரு பத்திரிகைக்கும் மூச்சுக்கூடப் போகவில்லை.

ஆகையால், எங்கள் நாட்டுக்கு ரகசியம் காக்கத் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதை நான் வன்மையாக மறுக்கிறேன். நன்றாகவே காக்கத் தெரியும். மாட்டப்போவது யாருடைய கழுத்து என்பதைப் பொறுத்தது.