பதினோரு நிமிடக் கடற்கரை

ஒரே நாளில் ஒரு தீவையே பார்த்து முடித்துவிடுகிற மனிதர்கள் என்று ஓர் இனம் இருக்கிறது. இவர்களைக் கண்டுபிடிக்கக் கஷ்டப்பட வேண்டாம். விடியற்காலை முதல் படகுக்கு நிற்கும் வரிசையில் மற்றவர்களெல்லாம் கொட்டாவி விட்டுக்கொண்டும், பிள்ளையின் மூக்கைத் துடைத்துக்கொண்டும், காப்பி எங்கே கிடைக்கும் என்று தேடிக்கொண்டும் இருக்கும்போது, ஒருவர் மட்டும் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாளைக் கையில் பிடித்தபடி, இன்னும் கட்டவிழ்க்காத படகைப் பார்த்து, "இப்பவே ஆறு நிமிஷம் லேட்டு" என்று பல்லைக் கடிப்பார். அவரேதான். அவருக்கு விடுமுறை என்பது ஓய்வு அல்ல. படையெடுப்பு.

கலப்படமில்லாத ஒரு மாதிரி வேண்டுமென்றால் எங்கள் டுமகெட்டே ஊர் எர்மின்யோவைத்தான் காட்டுவேன். நகராட்சியில் பிறப்புச் சான்றிதழ் பிரிவில் எழுத்தர். பிறந்த நேரத்தை நிமிடம் பிசகாமல் பதிவு செய்து செய்து, அந்தப் பழக்கம் ரத்தத்திலேயே ஊறிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் சிக்கிஹோர் தீவுக்குக் கிளம்பியது யாருக்காக? மனைவி ஃப்ளோருடைய அக்கா எபிஃபானியாவுக்காக. எபிஃபானியா குவைத்தில் ஒரு வீட்டில் ஆறு வருடமாக வேலை பார்ப்பவள். லீவு முடிந்து மறுநாள் விமானம் ஏற வேண்டும். மிச்சமிருந்தது அந்த ஒரு நாள்தான். என்ன வேண்டும் என்று கேட்டதற்கு அவள் சொன்னாள்: "எனக்கு ஒண்ணும் வேணாம்ப்பா. கடல்ல கழுத்து வரைக்கும் உக்காரணும். மணல்ல மட்டுமே ஆறு வருஷம் இருந்தாச்சு. அவ்வளவுதான்."

எர்மின்யோவுக்குப் பரிதாபமாகப் போய்விட்டது. "ஒரே ஒரு கடற்கரையா? அக்கா, நான் ஒம்பது காட்டறேன்!"

ஒன்பது கடற்கரை, ஒவ்வொன்றுக்கும் பதினோரு நிமிடம், அதில் இரண்டு நிமிடம் படம் எடுக்க. சாப்பாட்டுக்குத் தென்னங்குருத்தில் கட்டி வேகவைத்த சோற்றுப் பொட்டலம் ஆறும், வறுத்த கருவாடும் பையில். வாடகைக்கு ஸ்கூட்டர் ஒன்று. மூன்று பேருக்கு ஒன்றுதான்.

"மூணு பேருமா?" என்றாள் ஸ்கூட்டர் வாடகைக்காரி.

"அக்கா ஒல்லிதான்" என்றார் எர்மின்யோ.

எபிஃபானியா ஒல்லி அல்ல. எர்மின்யோ ஹாண்டில்பாருக்கு மேல் ஏறக்குறையப் படுத்துக்கொள்ள, நடுவில் ஃப்ளோர் மூச்சுவிட முடியாமல் நசுங்க, கடைசியில் எபிஃபானியா பின்சக்கரத்துக்குமேல் பாதியும் ஆகாயத்தில் பாதியுமாக உட்கார, கருவாட்டுப் பை காற்றில் கொடி போலப் பறக்க, பயணம் தொடங்கியது.

முதல் கடற்கரையில் எபிஃபானியா ஒரு செருப்பைக் கழற்றினாள். மற்றதைக் கழற்றுவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. இரண்டாவதில் நுழைவுக் கட்டணம் கேட்டார்கள். எர்மின்யோ விடுவாரா? சுற்றுச்சுவருக்கு வெளியே ஸ்கூட்டரை நிறுத்தி, அதன்மேல் ஏறி நின்று, சுவருக்கு மேலாகப் படம் எடுத்தார். "உள்ள போனாலும் இதே தண்ணிதான். உப்புத்தான் கரிக்கும்."

மூன்றாவதையும் சுவர் வழியாகவே பார்த்தார்கள். நான்காவதில் சுவர் உயரம். தென்னை மரங்களின் உச்சி தெரிந்தது, அதை எடுத்துக்கொண்டார். ஐந்தாவதில் உள்ளே போக முடிந்தது. ஆனால் எர்மின்யோ கட்டைவிரலை உயர்த்தியபடி நிற்கும் படம் மூன்று தடவையும் கண்ணை மூடிக்கொண்டே விழுந்ததால் பதினோரு நிமிடமும் அதிலேயே போயிற்று.

எபிஃபானியா உடைக்குள்ளே நீச்சல் உடையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். காலையிலிருந்து அது வேர்வையில்தான் நனைந்திருந்தது.

"எர்மின்யோ, இங்க ஒரு முங்கு முங்கிட்டு வந்துடறேனே?"

"முங்கினா காயணும் அக்கா. காயறதுக்கு இருபது நிமிஷம். யோசிச்சுப் பாருங்க."

அவள் யோசித்துத்தான் பார்த்தாள். ஆனால் அது வேறு விஷயம்.

ஆறாவதுக்கும் ஏழாவதுக்கும் நடுவில் பெட்ரோல் தீர்ந்தது. சாலையோரப் பெட்டிக்கடையில் குளிர்பானப் பாட்டில்களில் பெட்ரோல் ஊற்றி வரிசையாக வைத்திருந்தாள் பெர்பெத்துவா என்ற பெண். ஸீட்டைத் தூக்கினால்தான் ஊற்ற முடியும் என்பதால் எல்லோரும் இறங்கினார்கள். பாட்டில் கழுத்துவரை நிரம்பியிருக்கிறதா, தோள்வரைதான் நிரம்பியிருக்கிறதா என்று எர்மின்யோ ஒரு விவாதத்தைத் தொடங்கினார். தோள் என்றார் அவர். கழுத்து என்றாள் பெர்பெத்துவா. கடைசியில் அவர் தாளைப் பார்த்துத் துணுக்குற்று, ஸ்கூட்டரில் பாய்ந்து உட்கார்ந்து, "ஏறியாச்சா?" என்றார்.

"ம்" என்றாள் சில்லறை எண்ணிக்கொண்டிருந்த பெர்பெத்துவா.

புறப்பட்டுவிட்டார்.

வழியெல்லாம் எர்மின்யோ பின்னால் திரும்பாமலே பேசிக்கொண்டு வந்தார். திட்டமிடாத ஜனங்கள் எப்படி வாழ்க்கையை வீணடிக்கிறார்கள், சுவருக்கு மேலாகப் பார்த்தால் கடல் எவ்வளவு முழுசாகத் தெரிகிறது என்றெல்லாம். யாரும் குறுக்கே பேசவில்லை. கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில் இப்படி ஒரு கவனத்தோடு அவர் பேச்சை யாரும் கேட்டதில்லை. மனம் குளிர்ந்தது. வண்டியும் மேட்டில் ஜிவ்வென்று ஏறியது. நல்ல பெட்ரோல், அந்தப் பெண்ணோடு சண்டை போட்டிருக்க வேண்டாம் என்றுகூட நினைத்தார்.

ஏழாவது கடற்கரை. "இறங்குங்க! பதினோரு நிமிஷம்!"

யாரும் இறங்கவில்லை. இறங்குவதற்கு யாரும் இல்லை.

எர்மின்யோ பின் இருக்கையைத் தடவிப் பார்த்தார். அந்த மேட்டில் விழுந்திருப்பார்களோ? வளைவிலா? நான் ஜிவ்வென்று போனேனே, அப்போதா? வண்டியைத் திருப்பினார். ஒவ்வொரு பள்ளத்திலும் நிறுத்தி எட்டிப் பார்த்தார். தென்னந்தோப்புக்குள் "ஃப்ளோர்! ஃப்ளோர்!" என்று கத்தினார், ஓர் எருமை மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்தது. கையில் கடிகாரம் இருப்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

பெட்டிக்கடையில் வந்து விழாத குறையாக நின்றார். "இங்க... ரெண்டு பொம்பளைங்க... எங்கயாவது விழுந்து கிடக்கறதா யாராவது சொன்னாங்களா?"

பெர்பெத்துவா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "விழுந்து கிடக்கலை. மிதந்துக்கிட்டு கிடக்காங்க. கடைக்குப் பின்னால பாதை போகுது, போய்ப் பாரு."

பாதை இறங்கியது. கீழே நாலு கயிற்றுக் கட்டில் போடுகிற அளவுக்குக் கொஞ்சம் மணல், ஒரு பழைய தோணி, கண்ணாடி போலப் பச்சைத் தண்ணீர். அதில் இரண்டு தலைகள். எபிஃபானியா கழுத்துவரை உட்கார்ந்து கண்ணை மூடியிருந்தாள். ஃப்ளோர் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள்.

எர்மின்யோவுக்கு ஆயிரம் சொல்ல வேண்டுமென்றிருந்தது. வாயில் வந்தது இதுதான்: "இது லிஸ்ட்லயே இல்ல!"

"அதனாலதான் நல்லா இருக்கு" என்றாள் எபிஃபானியா, கண்ணைத் திறக்காமலே.

ஃப்ளோர் அவரை உற்றுப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. "ஏன் எர்மி, முகமெல்லாம் ஈரமா இருக்கு? நீதான் இன்னும் தண்ணியிலயே இறங்கலையே?"

"வேர்வை."

"கண்ணுல இருந்தா வருது?"

அவர் தண்ணீருக்குள் நடந்தார். சட்டையோடு, பாண்டோடு, ஷூவோடு. கழுத்து வருகிற இடத்தில் உட்கார்ந்தார். தண்ணீர் இளஞ்சூடாக இருந்தது. ஒரு குட்டி மீன் அவர் சட்டைப் பைக்குள் புகுந்து, ஒன்றும் பிடிக்காமல் வெளியே போயிற்று.

"பதினோரு நிமிஷம் ஆச்சுன்னா சொல்லு" என்று ஃப்ளோர் சீண்டினாள்.

"கொஞ்சம் சும்மா இரேன்" என்றார் எர்மின்யோ.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் அங்கேயே கிடந்தார்கள். கருவாடும் சோறும் தண்ணீரில் உட்கார்ந்தபடியே தின்றார்கள். விரல் நுனியெல்லாம் சுருங்கிப்போன எபிஃபானியா, "போதும். இனி ரெண்டு வருஷம் தாங்கும்" என்று தானாக எழுந்தபிறகுதான் கிளம்பினார்கள். கடைசிப் படகுக்குச் சரியாக வந்து சேர்ந்தார்கள்.

ஆக, எர்மின்யோ திருந்திவிட்டார் என்கிறீர்களா? நானும் அப்படித்தான் நம்பினேன். படகு கரையை விட்ட இருபதாவது நிமிடம் வரைக்கும்.

பக்கத்து இருக்கைக்காரர் சொட்டச் சொட்ட நனைந்திருந்தவரைப் பார்த்து, "எத்தனை பீச் பார்த்தீங்க?" என்று கேட்டுத் தொலைத்தார்.

எர்மின்யோ நிமிர்ந்து உட்கார்ந்தார். "எண்ணிக்கையெல்லாம் பார்க்கிற ஆளு நான் இல்லீங்க. ஒரே இடம். கட்டணம் கிடையாது. ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. நானே தேடிக் கண்டுபிடிச்சது."

ஃப்ளோர் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். எபிஃபானியா முந்திக்கொண்டாள்.

"நிஜந்தாங்க. தேடு தேடுன்னு தேடிக் கண்டுபிடிச்சாரு. எங்களை."

இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரிப்பது கேட்கிறது. நமக்கு இந்த வியாதி இல்லை, நாமெல்லாம் நிதானமாக ஊர் பார்க்கிற ஜாதி என்கிறீர்கள். மிக்க மகிழ்ச்சி. அப்படியானால் ஒரே ஒரு கேள்வி. போன தடவை குடும்பத்தோடு எங்கோ போய்வந்தீர்களே, அங்கே உங்கள் வீட்டுக்காரர்களுக்கு மிகவும் பிடித்துப்போன இடம் எது? யோசிக்கிறீர்களா? யோசியுங்கள். அவர்களிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள். சொல்லிவிடுவார்கள்.