மின்விசிறி ஓடாத வீட்டிலிருந்து

அன்பு மைத்துனனுக்கு,

அத்தான் எழுதுவது. அங்கே எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே சுகத்தைத் தவிர மற்றதெல்லாம் இருக்கிறது.

வரும் ஞாயிற்றுக்கிழமை வந்து உன் மைக்ராஸ்கோப்பை எடுத்துக்கொண்டு போய்விடு. என் மகளுக்கு அடுத்த வாரம் தாவரவியல் செய்முறைத் தேர்வு. இலையைக் குறுக்கே மெல்லிசாக வெட்டி உள்ளே இருப்பதைக் காட்ட வேண்டும். போன தடவை தேர்வாளர் பக்கத்தில் வந்து நின்றதும் கை நடுங்கி, துண்டு பாய் கனத்துக்கு வந்து தோற்றாள். இந்தத் தடவையும் தோற்றால் படிப்பையே விட்டுவிடுவாளாம். "இலைதானே அத்தான், ஈசியா பாஸ் பண்ணிடுவா" என்று இதில் சேர்த்துவிட்டவன் நீ. ஆகவே முழுவதையும் படி.

இலையைத் தனியாக வெட்ட வராதாம். கேரட்டைப் பிளந்து நடுவில் செருகிச் சீவ வேண்டுமாம். ஒரு வாரமாக எங்களுக்கு மூன்று வேளையும் கேரட்தான். நேற்று என் வாயில் செம்பருத்தி இலை வந்தது. உன் அக்கா, "நார்ச்சத்துதான், முழுங்குங்க" என்கிறாள். என் புது பிளேடெல்லாம் மகளின் மேசையில் இருப்பதால், பழைய பிளேடில் முகம் வழித்து இரண்டு இடத்தில் வெட்டுப்பட்டது. போதாததற்கு, துண்டு தெளிவாகத் தெரிய ஊற்றும் சிவப்புச் சாயம் என் சட்டைப் பையில் ஏறிவிட்டது. அலுவலகத்தில் மேலாளர் கதவைச் சாத்திவிட்டு, "வீட்ல ஏதாவது பிரச்சனையா சார்?" என்று கேட்டார். இலை என்றேன். அவர் நம்பவில்லை.

அதையும் பொறுத்துக்கொள்வேன். மின்விசிறி போடக் கூடாதாம், துண்டு காய்ந்து பறந்துவிடுமாம். இந்த வெக்கையில் ஒரு பெருமூச்சு விட்டேன். "அப்பா, மூச்சைப் பார்த்து விடுங்க, மூணு துண்டு போச்சு" என்றாள். சொந்த வீட்டில் மூச்சுக்கு அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. அவள் முதுகுக்குப் பின்னால் நின்று வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன். அவள் தலையே நிமிரவில்லை.

தோற்று வந்த அன்று அவள் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். இன்னொரு தடவை அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. மைக்ராஸ்கோப் இல்லாவிட்டால் தேர்வுக்கும் போகமாட்டாள், தோற்கவும் மாட்டாள். அதனால்தான் சொல்கிறேன், வந்து எடுத்துக்கொண்டு போ.

உன் மனைவிக்கு என் அன்பு. உன் பிள்ளைகள் எந்த இலையையும் வெட்டாமல் நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
அத்தான்

பி.கு.: உறையை ஒட்டப் போனபோது, "அப்பா, இங்க வந்து பாருங்க" என்று கூப்பிட்டாள். ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தேன். மேலே தூண்களை நெருக்கி நிறுத்தியது போல் ஒரு வரிசை. கீழே காற்றுப் போக இடம் விட்டு உருண்டை உருண்டையாக ஏதோ. அடித்தோலில் பொடிப்பொடியாக வாய்கள். இலை அதன் வழியாகத்தான் மூச்சு விடுமாம். அதற்காவது இந்த வீட்டில் அனுமதி இருக்கிறது.

"இதை எப்பம்மா வெட்டினே?"

"நீங்க பின்னாடி நின்னு திட்டினீங்கல்ல, அப்பதான். கை ஆடவே இல்லப்பா. எக்ஸாமினர் உங்க அளவுக்கு மோசமா இருக்க மாட்டாரு."

தேர்வு வரைக்கும் தினமும் திட்டச் சொல்லியிருக்கிறாள். மைக்ராஸ்கோப் இங்கேயே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வா. எனக்கு இப்போதே தொண்டை கட்டிவிட்டது, அன்றைக்கு நீ நின்று திட்டு. வரும்போது கேரட் வாங்கி வா. மின்விசிறி மட்டும் கேட்காதே.