நாற்பது வரிகளையும் மன்னித்த என் மகன்

அன்புள்ள தம்பிக்கு,

உன் அக்கா எழுதுவது. ஆண்டவன் புண்ணியத்தில் நானும் உன் மருமகனும் நலம். உன் வீட்டாரும் அப்படியே இருக்க வேண்டும். நலம் என்று எழுதினேனே தவிர, உன் மருமகனுக்கு அடுத்த வாரம் வேலை இருக்குமா என்று தெரியாது. நீ அவன் மேனேஜரோடு ஒன்றாய்ப் படித்தவன், ஒரு வார்த்தை சொல்லணும்.

அவன் ஆபீஸ் சாப்ட்வேரைக் கட்டி வாடிக்கையாளருக்கு அனுப்ப, செய்ய வேண்டியதையெல்லாம் கம்ப்யூட்டருக்கு வரிசையா நாற்பது வரி எழுதி வச்சிருக்கான். ஒரு வரி சொன்னது நடக்கலைன்னாலும் அங்கேயே நின்னுடணும்னு அதுக்கு உத்தரவு. போன வாரம் பூரா நின்னுக்கிட்டே இருந்துச்சு. ஏதோ உதவிப் பக்கம் காப்பி ஆகலையாம், அதுக்காக மொத்த வேலையும் நின்னு, இவன் சோறு தண்ணி இல்லாம கிடந்தா பெத்த வயிறு கேக்குமா? "ஏண்டா, சின்னத் தப்புதானே, மன்னிச்சு விட்டுட்டு அடுத்த வரிக்குப் போகச் சொல்லேன்"னேன். "அப்படி எழுத வழி இருக்கும்மா, ஆனா எழுதக் கூடாது"ன்னான். "நீ என்ன கடவுளை விடப் பெரியவனா? அவரே தினம் எத்தனையை மன்னிக்கிறாரு"ன்னேன். புள்ளை அப்பவே உக்காந்து நாற்பது வரிக்கும் மன்னிப்பு எழுதிட்டான். மறுநாள் ஒரு வரி, ‘பழைய குப்பை இருக்கிற ஃபோல்டருக்குப் போ’ன்னுச்சு. அப்படி ஒரு ஃபோல்டரே இல்ல, இது போகல, மன்னிச்சாச்சு. அடுத்த வரி, ‘இங்க இருக்கிறதையெல்லாம் அழி.’ நின்ன இடத்துலயே நின்னு, அங்க இருந்த மூணு மாச வேலையை வழிச்சுத் துடைச்சுடுச்சு. அந்த வெறும் டப்பாவைக் கட்டி அனுப்பிட்டு, ‘எல்லாம் நல்லபடியா முடிஞ்சது’ன்னு வேற சொல்லிச்சாம். மேனேஜர் எல்லார் முன்னாலயும் கை தட்டியிருக்காரு. மத்தியானம் வாடிக்கையாளர் பிரிச்சுப் பாத்தா உள்ள காத்துதான்.

திங்கட்கிழமை விசாரணை. "அம்மா சொன்னாங்கன்னு சொல்லித் தப்பிச்சுக்கோடா"ன்னா, "அதுக்கு வேலை போறதே தேவலை"ங்கிறான். நீயாவது அவர்கிட்ட சொல்லு, தப்பு என் மேலதான்னு. தப்பு நடந்தா அங்கேயே நிக்கணும், அதுதான் தர்மம்னு இப்பத்தான் புரியுது. இனிமே யாருக்கும் எதுக்கும் மன்னிப்புன்னு வாயே திறக்க மாட்டேன், சாமி மேல ஆணை.

உன் குடும்பத்துக்கு எந்தக் குறையும் வராமல் ஆண்டவன் கூடவே இருந்து காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: இதைத் தபாலில் போடக் கிளம்புறதுக்குள்ள, விசாரணையை இன்னைக்கே வச்சு முடிச்சுட்டாங்க. நீ யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லிடாதே. அழிஞ்சதுக்கு நகல் இருக்கான்னு தேடினாங்களாம். தினம் நகல் எடுக்கிறதுக்கு எழுதி வச்சது அந்த மேனேஜர்தான். திறந்து பாத்தா அதுலயும் வரிக்கு வரி மன்னிப்பு. ஆறு மாசமா ஒரு நகலும் எடுக்காம, ‘முடிஞ்சது, முடிஞ்சது’ன்னு சொல்லிட்டு இருந்திருக்கு. அவர் இவனை மன்னிச்சுட்டாரு, இவன் அவரை மன்னிச்சுட்டான். அவர் வீட்டுலயும் ஒரு அம்மா இருக்காங்க போலிருக்கு.